குடிதண்ணீரில் முங்கப் போனவர்கள்

கடற்கரையில் பிறந்து, கடற்கரையிலேயே லேத் பட்டறை வைத்திருக்கிற ஒருவன், முங்குவதற்குத் தண்ணீர் தேடிக் கோவில்பட்டிக்குப் போனான் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். தூத்துக்குடியில் என் சொந்த வீட்டிலேயே சிரித்தார்கள். "ஒங்களுக்குக் கோட்டி புடிச்சிட்டா?" என்று என் மனைவி கேட்டாள். கோட்டியெல்லாம் இல்லை. எல்லாம் சூசைக்காகத்தான்.

சூசை எங்கள் தெருக்காரன், சங்கு குளிக்கிறவன். மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிக்குப் போய், சங்கைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவான். அவனுடைய அப்பாவும் அதே வேலைதான் பார்த்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவனுக்கு முங்கி எழுந்தால் மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது. "இதோட நிறுத்திக்க. இல்லன்னா நெஞ்சு போயிரும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவனுக்கோ வேறு தொழில் தெரியாது. அந்த நேரத்தில்தான் வளைகுடாவில் கடலுக்கடியில் குழாய் பதிக்கிற ஒரு கம்பெனி, முங்குகிற ஆட்கள் வேண்டும் என்று கேட்டிருந்தது. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போகிற வேலை. மூச்சை அடக்க வேண்டாம், நெஞ்சுக்கும் பாரமில்லை. ஆவணியில் பம்பாயில் தொட்டிக்குள் இறக்கிப் பரீட்சை வைத்து ஆள் எடுப்பார்கள்.

துறைமுக வேலைக்கு வந்திருந்த ஒரு கான்ட்ராக்டர் பழைய சிலிண்டர்களையும் முகக் கண்ணாடிகளையும் இரவல் கொடுத்தார். காற்று நிரப்புகிற எந்திரம் ரிப்பேராகிக் கிடந்தது, அதை நான் சரிசெய்தேன். சூசையும் அவனுடைய கூட்டாளி காதரும், பம்பாய்க்குப் போக நினைத்த இன்னும் மூன்று பேரும் பழக ஆயத்தமானார்கள். எல்லாம் தயார், கடல்தான் தயாராக இல்லை! ஆடிக் காற்றில் கடல் கலங்கி, கையை நீட்டினால் விரல் தெரியாது. பரீட்சைக்குப் பழக வேண்டுமென்றால் ஆழமாக, அசையாமல், தெளிந்து கிடக்கிற தண்ணீர் வேண்டும். அப்படித் தண்ணீர் கல் உடைத்த கிடங்கில்தான் இருக்கும் என்று எவனோ சொன்னான். "போய்ப் பாத்து ஏற்பாடு பண்ணிட்டு வாங்கண்ணே. ஒங்களுக்குத்தான் ஊரெல்லாம் ஆள் பழக்கம்" என்று ஐந்து பேரும் என் தலையில் கட்டினார்கள்.

மணியாச்சியில் வண்டி மாறக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எங்கே பயணம் என்று கேட்டார். கோவில்பட்டிக்கு என்றேன்.

"என்ன சோலியா?"

"தண்ணி பாக்கப் போறேன்."

அவர் வெற்றிலையை வாயில் போடாமல் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு பாக்கப் போறவன பாத்திருக்கேன், மாடு பாக்கப் போறவனயும் பாத்திருக்கேன். தூத்துக்குடில இருந்து எங்க சீமைக்குத் தண்ணி பாக்க வாரவன இன்னைக்குத்தான் பாக்குதேன்" என்றார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அங்கே தொடங்கிய சிரிப்பு, நான் போன இடமெல்லாம் கூடவே வந்தது.

கோவில்பட்டியில் எனக்குப் பரமசிவம் முதலாளியைத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார். அங்கெல்லாம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். அவருடைய எந்திரத்துக்குப் பல்சக்கரம் தேய்ந்தால் என் பட்டறைக்குத்தான் வருவார். நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் அந்த நல்ல மனிதரும், "ஏன்வே, ஒம்ம ஊர்க் கடல எவனும் களவாண்டுட்டுப் போயிட்டானா?" என்று கேட்டுவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

சாப்பாட்டு வேளையில், "ஒமக்குன்னு மீன் வைக்கச் சொல்லிருக்கேன்" என்றார். மனம் குளிர்ந்து உட்கார்ந்தேன். இலையில் விழுந்தது நெத்திலிக் கருவாடு. கருவாட்டை மீன் என்று சொல்கிற ஊரில் நான் என்ன பேச? எங்கள் கரையில் மணலில் காயப்போட்டு, காக்காய் தின்றது போக மூட்டை கட்டி அனுப்புகிற சரக்கு, இங்கே விருந்தாளிக்கு ராஜ உபசாரமாக வருகிறது. சுரைக்காயோடு கலந்து வைத்திருந்தார்கள். குறை சொல்லக்கூடாது, இரண்டு தடவை சோறு வாங்கினேன். ஆனாலும் மீன் என்று சொன்னது தப்புதான்.

கல் கிடங்கெல்லாம் நாகலாபுரம் பக்கம்தான் என்று முதலாளி சொல்ல, மறுநாள் காலையில் நாகலாபுரம் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. என் காலுக்கிடையில் ஒரு சேவல், அது பஸ் குலுங்கும்போதெல்லாம் என் கெண்டைக்காலைக் கொத்தியது. சேவலுக்குச் சொந்தக்காரர், "அது ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். கொத்து வாங்குகிறவன் நான், ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர் அவர்!

நாகலாபுரத்தில் வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தேன். எங்கள் பக்கத்து மணலில் சைக்கிள் போகாது, அது தெரிந்த விஷயம். கரிசலில் போகும் என்று நினைத்தேன். வெயிலில் அந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் முன்சக்கரம் உள்ளே போய்ச் செருகி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. பருத்திக் காட்டுக்குள் போய் விழுந்தேன். சோற்றுத் தூக்கோடு வந்த ஒருவர் சைக்கிளைத்தான் முதலில் தூக்கினார். "சைக்கிளுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

முதலில் பார்த்த கிடங்கு வறண்டு, அடியில் வெள்ளாடுகள் படுத்திருந்தன. அடுத்ததில் தண்ணீர் இருந்தது, ஆனால் பச்சைப் பாசி போர்வை மாதிரி மூடி, எருமைகள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவது கிடங்குக்குப் போகும்போது உச்சிவெயில். ரயில் பாதைக்கு ஜல்லி உடைத்த பெரிய கிடங்கு என்று சொன்னார்கள். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன்.

சுற்றிலும் நெட்டக்குத்தாகப் பாறை. கீழே தண்ணீர் நீலமாக, ஒரு சலனமில்லாமல் கிடந்தது. மேலே இருந்தே அடியில் கிடக்கிற கல் தெரிந்தது. அப்படி ஒரு தெளிவை எங்கள் கடலில் மாசி, பங்குனியில்தான் காண முடியும். ஒரு ஆள் இல்லை, ஒரு மாடு இல்லை. அநாதையாகக் கிடக்கிற தண்ணீர், நமக்கென்றே ஆண்டவன் விட்டுவைத்திருக்கிறான் என்று பூரித்துப்போய்ப் பாறையில் வெட்டிய படிகளில் இறங்க ஆரம்பித்தேன்.

"ஏய்யா வெள்ளச் சட்ட! அங்கனயே நில்லும்!"

மேலே திரும்பிப் பார்த்தால், இடுப்பில் குடத்தோடு ஒரு அம்மாள், அவளுக்குப் பின்னால் வரிசையாகப் பெண்கள். எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள். தூரத்தில் வாகை மரத்தடியில் செருப்புகள் கிடந்தன.

"கால்ல செருப்போட குடிக்கிற தண்ணில எறங்குதீரே, ஒம்ம ஊர்ல இப்பிடித்தானா?"

குடிக்கிற தண்ணீர்! யாராவது ஒரு போர்டு வைத்திருக்கலாமே என்று எனக்குக் கோபம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தேன். அந்த அம்மாள் பெயர் சீதாலட்சுமி என்று பிறகு தெரிந்தது. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். ஏச வேண்டுமென்றால் இரண்டும். நான் யார், எதற்கு வந்தேன் என்று நயமாக எடுத்துச் சொன்னேன்.

"கடல்ல முங்குறவுகளுக்கு எங்க கஞ்சித் தண்ணி எதுக்கு?"

"கடல் கலங்கிக் கெடக்கு தாயி."

"கலங்கினா கலங்கட்டும். அத யாரும் குடிக்கப் போறதில்லையே?"

நியாயம் அவள் பக்கம். நியாயம் அடுத்தவர் பக்கம் இருக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் அதிகமாக வரும்.

ஊருக்குள் கூட்டிப்போனார்கள். கிடங்குத் தண்ணீருக்குப் பொறுப்பு, சீதாலட்சுமி அம்மாளின் கொழுந்தனார் கோபால்சாமி. நிலபுலம் உள்ளவர், மெதுவாகப் பேசுகிறவர். மோர் கொடுத்து உட்கார வைத்தார். "எங்க ஊர்க் கெணறு பூரா உப்பு அண்ணாச்சி. அதுல பருப்ப வேக வச்சா பொழுதுக்கும் கல்லு மாதிரியே கெடக்கும். இந்தக் கெடங்குத் தண்ணி ஒண்ணுதான் ஐப்பசி மழ வரைக்கும் எங்கள இழுத்துக்கிட்டுப் போகணும். இதுல நாங்களே காலு நனைக்கிறதில்ல. ஒங்க ஆளுக எப்பிடி எறங்க முடியும்?" என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு வந்திருப்பேன். மோரைக் கொடுத்து மறுக்கிறவரை என்ன செய்வது?

எழுந்தேன். அப்போதுதான் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்: "இந்த முங்குற ஆளுக அடி வரைக்கும் போவாகளா?"

"அடியில உக்காந்து ஒரு பாட்டே பாடிட்டு வருவாங்க" என்றேன் கோபத்தில்.

"அப்ப எங்க குடத்த எடுத்துட்டு வந்துருவாகளா?"

அவ்வளவுதான். பேச்சே வேறு திசையில் போய்விட்டது. நீர் மொள்ளும்போது கைநழுவி விழுந்த குடமும் வாளியும் தலைமுறைக் கணக்கில் கிடங்கின் அடியில் கிடக்கின்றனவாம். பாதாளக் கரண்டி போட்டுத் துழாவினால் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்கிறதாம். சீதாலட்சுமி அம்மாளின் பித்தளைக் குடமும் அங்கேதான் கிடந்தது. பிறந்த வீட்டுச் சீர், அவள் பெயர் வெட்டியது. அதுவரை எனக்கு எமனாக நின்ற அம்மாள், "கொழுந்தனாரே, அவுக சுத்தபத்தமா எறங்கினா என்ன கொறஞ்சுபோச்சு?" என்றாள்.

பிறகு வந்தன நிபந்தனைகள். உப்புக் கிணற்றில் குளித்துவிட்டு வர வேண்டும். தலையில் எண்ணெய் கூடாது. பீடி கூடாது. பெண்கள் காலைத் தண்ணீர் எடுத்து முடித்த பிறகுதான் இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

"மொத நாளு ராத்திரியில இருந்து கவிச்சி ஆகாது" என்றார் கோபால்சாமி.

"மீனுமா?"

"மீனுதான் மொதல்ல."

எங்கள் பையன்கள் உயிரைக் கேட்டாலும் கொடுப்பார்கள். மீனை விடுங்கள் என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

சொன்னேன். தூத்துக்குடியில் அதைக் கேட்டதும் காதர் என்னை முறைத்த முறைப்பை மறக்க முடியாது. "தண்ணிக்குள்ள மீனு இருக்கலாம், எங்க வயித்துக்குள்ள இருக்கக்கூடாதா?" என்று கேட்டான். கிளம்புகிற நாளில் அவன் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையப் பொரித்த விளமீன் வந்தது. இரவுக்குள் தின்று முடித்துவிட்டால் நிபந்தனையில் தப்பில்லை என்று அவனே தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் சிலிண்டர்களைப் பார்த்துவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்தார். "கேஸா?"

"இல்ல, காத்து."

"காத்து வெளியிலதான் ஓசில கெடக்கே, அத எதுக்குவே இரும்புல அடச்சுக் கொண்டுபோறிய?" என்றார். பயணிகள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எங்களை இறக்கியும் விட்டார்கள். வெடித்தால் யார் பொறுப்பு என்று ஒரு அம்மாள் சாபமே போட்டாள். ஒரு சேவலைக் கேள்வி கேட்காமல் ஏற்றுகிற பஸ், காற்றை ஏற்றாதாம்!

கடைசியில் குளத்தூர் பக்கமிருந்து உப்பு ஏற்றிவந்த லாரிதான் கருணை காட்டியது. உப்பு மூட்டைகளின் மேல் சிலிண்டர்களைக் கிடத்தி, அவற்றின் மேல் நாங்கள் கிடந்து, எதிர்க்காற்றில் புழுதி தின்றுகொண்டே போனோம். புழுதியோடு சேர்த்து விளமீனையும் தின்றோம். நல்ல தண்ணீர் தேடிப் போகிற பயணத்திலும் உப்பு எங்களை விடவில்லை.

பரமசிவம் முதலாளி தன் தீப்பெட்டி ஆபீசில் படுக்க இடம் கொடுத்தார். பீடி குடிக்கிற ஐந்து பேரைக் கூட்டிவந்து மருந்து வாடை அடிக்கிற கட்டிடத்தில் படுக்க வைப்பது உபசாரமா, தண்டனையா? வாட்ச்மேன் எங்கள் சட்டைப் பைகளைத் தடவிப் பார்த்து, பீடிக் கட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். சுற்றிலும் லட்சக்கணக்கில் தீக்குச்சி, பற்றவைக்க ஒரு பீடி இல்லை. காற்று நிரப்புகிற எந்திரத்தை ஆபீசுக்குப் பின்னால் வெட்டவெளியில் நிறுத்திவைத்தேன்.

காலையில் முதலாளியின் சரக்கு வேனில் போய் இறங்கினோம்; ஊரே கிடங்கைச் சுற்றி நின்றது. எங்கள் ஆட்கள் உப்புக் கிணற்றில் குளித்துவிட்டு, ஈரம் சொட்ட வந்தார்கள். சூசை சாக்கைப் பிரித்து, காலில் மாட்டுகிற ரப்பர் துடுப்பை எடுத்தான். வாத்துக் கால் மாதிரி அகலமாக இருக்கும், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகலாம்.

"அதென்ன, செருப்பா?" என்றார் கோபால்சாமி.

"செருப்பில்ல அண்ணாச்சி, இது தாராவோட காலு மாதிரி."

"தாராவுக்கு அது கூடவே பொறந்தது. இது கடையில வாங்குனதுதான?"

நான் என்னென்னவோ வாதாடினேன். நடப்பதற்கு இல்லை, நீந்துவதற்கு என்றேன். காலில் போடுவது எல்லாம் செருப்புதான் என்று பேச்சை முடித்துவிட்டார்கள். சூசை மறுபேச்சில்லாமல் அதைக் கொண்டுபோய் வாகை மரத்தடியில் மற்றச் செருப்புகளோடு வைத்துவிட்டு வந்தான். "சங்கு குளிக்கும்போது இதெல்லாம் என்னத்த போட்டோம், விடுங்கண்ணே" என்றான். அவன் பொறுமையைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம்.

முதுகில் சிலிண்டரைக் கட்டினோம். இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட்டை மாட்டினோம். அவன் கடைசிப் படியில் போய் உட்கார்ந்தான். கூட்டம் மூச்சு விடாமல் பார்த்தது. சூசை முகக் கண்ணாடியைக் கையில் எடுத்தான். முங்குகிற எந்த மனிதனும் செய்கிறதைத்தான் செய்தான். யோசித்துச் செய்கிற காரியமில்லை, கை தானாகச் செய்துவிடும். கண்ணாடிக்கு உள்ளே காறித் துப்பி, விரலால் நன்றாகத் தேய்த்து, அப்படியே குனிந்து தண்ணீரில் முக்கி அலசினான்.

துப்பித் தேய்க்காவிட்டால் உள்ளே ஆவி படிந்து கண் தெரியாது. கடல்காரன் எவனைக் கேட்டாலும் சொல்வான். கேட்பதற்கு அங்கே யார் இருந்தார்கள்?

"எங்கிலி! எங்கிலி!" என்று சீதாலட்சுமி அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குத் தெலுங்கு தெரியாது, ஆனால் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. எச்சில்! ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீரில் எச்சில்!

"ஏலே, ஏறுலே மேல!"

"கடல்ல துப்பித் துப்பிப் பழகுன வாயி!"

"அவன என்னத்த சொல்ல? கூட்டியாந்த அந்த லேத்துக்காரரச் சொல்லணும்!"

நானும் சும்மா இருக்கவில்லை. இத்தனை பெரிய கிடங்கில் ஒரு சொட்டு எச்சில் என்ன செய்துவிடும், பறவை எச்சம் விழவில்லையா, தவளை இல்லையா என்று தொண்டை கிழியக் கத்தினேன். சூசைமேலும் எரிந்து விழுந்தேன். "இத்தன நாளு நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கின தண்ணிலே! ஒரு நிமிஷத்துல துப்பிட்டியே!" அவன் முகம் செத்துப்போய் நின்றான். கோபால்சாமி கையை உயர்த்தினார். "போதும். மூட்டையக் கட்டுங்க" என்றார்.

சூசை பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான். இந்தத் தண்ணீர் இல்லையென்றால் பம்பாய் இல்லை. பம்பாய் இல்லையென்றால் ஐப்பசியில் மறுபடியும் மூச்சடக்கிச் சங்குக்குத்தான் போவான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

சீதாலட்சுமி அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். அவன் கண்ணாடி அலசிய அதே இடத்தில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"ஒரு சொட்டுதான, ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீரே. குடியும்."

ஊர் முழுக்க என் வாயைப் பார்த்தது. குடித்தேன். உள்ளபடி சொல்கிறேன், அப்படி ருசியான தண்ணீரை அதற்கு முன் நான் குடித்ததில்லை. அந்தக் கோபத்திலும் நாக்குக்குத் தெரிந்தது. செம்பு சூசைக்குப் போனது, காதருக்குப் போனது, ஐந்து பேரும் குடித்தார்கள்.

"இப்ப ஒங்களுக்கும் இது குடிதண்ணி" என்றாள் அந்த அம்மாள். "குடிச்ச தண்ணில எவனும் துப்பமாட்டான். கொழுந்தனாரே, எறங்கட்டும். எங்குடம் உள்ள கெடக்கு."

இறங்கினான். துப்பாமல்தான். அதோடு இன்னொரு கூத்தும் நடந்தது. கடலுக்குக் கட்டுகிற அளவு ஈயத்தையே இங்கேயும் கட்டியிருந்தோம். உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்கும், நல்ல தண்ணீர் அந்த அளவுக்குப் பிடிக்காது. சூசை கல்லைப் போட்ட மாதிரி போனான். அவன் இடுப்பில் கட்டி நான் பிடித்திருந்த கயிறு என் கைத்தோலை உரித்துக்கொண்டு ஓடியது. இழு இழு என்று கத்தி, எல்லோருமாகப் பிடித்து இழுத்தோம். ஊர்க்காரர்களும் கயிற்றில் கைவைத்தார்கள். மேலே வந்தவனின் முகக் கண்ணாடி அடுப்படி ஜன்னல் மாதிரி மூடிப்போயிருந்தது.

"கண்ணே தெரியலண்ணே" என்றான் இருமிக்கொண்டே. "இப்பிடிப் பழகி என்ன செய்ய? பம்பாய்ல மொத நாளே கழிச்சுருவான்."

"துப்பாம முடியாதா?" என்றாள் சீதாலட்சுமி அம்மாள்.

"முடியாது மதினி."

அவள் யோசித்தாள். பிறகு மேட்டைக் காட்டினாள். "அந்தா அந்த உடமர மூட்டுக்குப் போ. அங்கன எவ்வளவு வேணும்னாலும் துப்பு. நான் செம்புல தண்ணி ஊத்துதேன், அங்கனயே அலசிக்க. அந்தத் தண்ணி இங்கன வந்து சேரக்கூடாது."

நான் ஆத்திரத்தில் குதித்தேன். முதுகில் அந்தப் பாரத்தோடு இத்தனை படியும் ஏறி, மேடு கடந்து போய்த் துப்பிவிட்டு, திரும்ப இறங்கி வர வேண்டுமா? ஒவ்வொரு தடவை ஆவி படியும்போதுமா? நெஞ்சு சுகமில்லாதவன்! மனுஷனுக்கு மனுஷன் செய்கிற காரியமா இது? மேலேயே துப்பி மாட்டிக்கொண்டு இறங்கினாலும், தண்ணீருக்குள் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மூடிக்கொள்ளும். அந்தப் பழைய கண்ணாடிகளின் லட்சணம் அப்படி. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, சூசை ஈயக்கட்டியில் இரண்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் படியேறத் தொடங்கிவிட்டான்.

அன்று எத்தனை தடவை ஏறி இறங்கினான் என்று கணக்கில்லை. ஏறுவான், உடைமரத்தடியில் துப்புவான், அந்த அம்மாள் செம்போடு நின்று கண்ணாடிமேல் ஊற்றுவாள், இறங்குவான். முதலில் கூட்டம் சிரித்தது. பிறகு, "வந்துட்டாருடோய் துப்பல் தொரை!" என்று பெயர் வைத்தது. மத்தியானத்துக்குள் அடிவரை போய்ச் சாவகாசமாகச் சுற்றிவர ஆரம்பித்துவிட்டான். வாளிகள் வந்தன, குடங்கள் வந்தன. சீதாலட்சுமி அம்மாளின் பித்தளைக் குடமும் வந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெட்டியிருந்த பெயரை முந்தானையால் தேய்த்தாள். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன்.

"பக்கத்துல நசுங்கிட்டே" என்றாள்.

ஆடி முடிகிறவரை அங்கேயே பழகினார்கள். மற்ற நாலு பேரும் அதே மாதிரி ஏறித் துப்பி இறங்கியவர்கள்தான். காதருக்கு மட்டும் மீன் இல்லாமல் உடம்பு பாதியாகிவிட்டது. ஐந்து பேரும் மாலையில் கால் நடுங்க வந்து, பரமசிவம் முதலாளி வீட்டுக் கம்பஞ்சோற்றை வாயில் வைத்தபடியே தூங்குவார்கள். நான் அந்த ஊரைத் திட்டாத நாள் இல்லை. ஒரு மனிதனின் பிழைப்பைவிட ஒரு சொட்டு எச்சில் பெரிதாகப் போய்விட்டதே என்று பரமசிவம் முதலாளியிடம் புலம்புவேன். "நீரு தண்ணிக்கு நடுவுல பொறந்தவரு, அதான் இப்பிடிப் பேசுதீரு" என்று அவர் ஒரே வார்த்தையில் வாயடைத்துவிடுவார்.

ஆவணிக் கடைசியில் சூசை மட்டும் பம்பாயிலிருந்து திரும்பினான்; மற்ற நாலு பேருக்கும் பரீட்சை இன்னும் முடியவில்லை. தூத்துக்குடிவரை பொறுமை இல்லாமல், நான் மணியாச்சிக்கே போய்க் காத்திருந்தேன். வண்டியை விட்டு இறங்கியவன் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"என்னலே ஆச்சு?"

"தொட்டியில எறக்குனாங்கண்ணே. இடுப்பு வரைக்கும் எறங்கிட்டேன். கண்ணாடியக் கையில எடுத்ததும்..." என்று நிறுத்தினான்.

"எடுத்ததும்?"

"ஏறிட்டேண்ணே. இரும்பு ஏணில ஏறி, வெளிய போயி, சொவத்தோரமாத் துப்பி, ஒரு மக்குல தண்ணி கேட்டு வாங்கி அலசிட்டு வந்தேன். ரெண்டாவது தடவையும் அப்பிடியே. மூணாவது தடவையும்."

"ஏலே கூறுகெட்டவனே! அந்தத் தொட்டித் தண்ணிய எவன்லே குடிக்கப் போறான்? மருந்து கலந்த தண்ணிலே அது!"

"தெரியும்ணே. வாடையிலயே தெரிஞ்சுட்டு. ஆனா கண்ணாடியத் தொட்டா, அந்த மதினி செம்போட மேட்டுல நிக்க மாதிரியே இருக்கு. காலு தானா ஏறிருது."

"சிரிச்சானுவளா?"

"சிரிச்சாங்க. பரீட்ச வச்ச வெள்ளக்காரத் தொரை மட்டும் சிரிக்கல."

"எடுத்தானா, கழிச்சானா? அதச் சொல்லுலே மொதல்ல!" நான் போட்ட சத்தத்தில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

"எடுத்துட்டாங்கண்ணே. முங்குறதுக்கு ஆயிரம் பேர் இருக்கானாம். முதுகுல சிலிண்டரோட அந்த ஏணில மூணு தடவ ஏறி எறங்கியும் மூச்சு வாங்காம நின்னவன் நான் ஒருத்தன்தானாம். அதத்தான் அந்தத் தொரை சொன்னாராம்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குமேல் எனக்கு வந்தது ஆத்திரம். ஆடி முழுக்க வாய் ஓயாமல் நான் திட்டிய அந்த அம்மாளுக்கு நான் இனி நன்றி சொல்ல வேண்டுமா? என்னை எச்சில் தண்ணீரைக் குடிக்க வைத்தவளுக்கா? குடத்தை எடுத்துக் கொடுத்தால் நசுங்கிவிட்டது என்று சொன்னவளுக்கா?

"வீட்டுக்குப் போவோம் வா" என்று பையை எடுத்துக்கொண்டு தூத்துக்குடி வண்டி நிற்கிற பக்கம் நடந்தேன். சூசை வரவில்லை. எதிர்ப் பக்கத்தில் வந்து நின்ற வண்டியைப் பார்த்தபடி நின்றான்.

"அண்ணே, இது கோவில்பட்டி வண்டிண்ணே."

"அதுக்கு?"

"மதினிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருவோமே."

அங்கே நின்றபடியே அவனை என் வாய் ஓயும்வரை ஏசினேன். கார்டு விசில் ஊதினார். வாயை மூடிக்கொண்டு அவனுக்குப் பின்னால் ஏறினேன்.